ஷங்காயில் வாங்கிய போர்வை

ஒரு பொருளை இன்னதென்று தீர்மானிப்பது அதை விற்ற கடையா, அதை வைத்திருக்கும் வீடா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவள் நான். பரீட்சைக்காகத் தாமரைக் காம்பைக் குறுக்கே வெட்டி, நுணுக்குக்காட்டியில் வைத்து, பென்சிலால் வரைந்திருக்கிறேன். அந்தப் படிப்பு இதற்கு உதவவில்லை.

என் கணவர் ரொறன்ரோவுக்கு அருகே உள்ள மார்க்கம் நகரத்தில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலை செய்கிறார். சில வருடங்களுக்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் அவரை மூன்று வாரத்துக்கு ஷங்காய்க்கு அனுப்பினார்கள். குடியுரிமை கிடைத்துக் கனடா கடவுச்சீட்டு கைக்கு வந்த புதிது. நீயும் பிள்ளையும் வாருங்கள், இனி எப்போது இப்படியொரு வாய்ப்பு வரும் என்றார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. ரொறன்ரோ டோர்செட் பார்க்கில் எங்களோடு இருந்த மாமி, கணவரின் தாய், மார்க்கத்தில் இருக்கும் தன் மகளின் வீட்டுக்குப் போனார். போவதா வேண்டாமா என்று நான் பெட்டி கட்டி முடித்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணவரோடு வேலை செய்யும் ஒருவரின் மனைவி ஷங்காயில் பிறந்து வளர்ந்தவர். புறப்படுவதற்கு முன் மார்க்கத்தில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய், எங்கே சாமான் வாங்கலாம் என்று கேட்டேன். தேநீர் ஊற்றிக்கொண்டே விளக்கமாகச் சொன்னார். பெரிய கடைத்தெருவில் இருக்கும் அரசாங்கக் கடைகளில் விலை எழுதி ஒட்டியிருக்கும், அங்கே பேரம் பேசினால் சிரிப்பார்கள். பழைய நகரத்துச் சந்தையில் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாகக் கேட்டுவிட்டு நடக்கத் தொடங்க வேண்டும், அவர்களே கூப்பிடுவார்கள். பட்டு என்று சொன்னால் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். தலைமயிர் பொசுங்கும் மணம் வந்தால் பட்டு. முத்தைப் பல்லில் உரசிப் பார்க்க வேண்டும், நறநறக்காவிட்டால் போலி. நான் எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் வாங்கும் ஆசை இல்லை. ஆனால் மாமிக்கு ஏதாவது நல்லதாகக் கொண்டுவர வேண்டும். பயணம் போய் வந்த மருமகள் என்ன கொண்டுவந்தாள் என்று எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் பேசுவார்கள். வெறுங்கையோடு வந்தால் அதையும் பேசுவார்கள்.

ஷங்காயில் கணவர் வேலைக்குப் போன பிறகு நானும் மகளும்தான். பெரிய கடைத்தெருவுக்குப் போனோம். சனக்கூட்டத்தில் முன்பின் தெரியாத பெண்கள் மகளின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் அழுதாள். கடைகளுக்குள் போகாமலே திரும்பினேன். பழைய சந்தையில் ஒரு பட்டுச் சால்வைக்குப் பேரம் பேசிவிட்டு, சொன்னபடியே நடக்கத் தொடங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, மாமிக்கு ஒன்றும் வாங்கவில்லை.

அந்தக் கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாகியும் இறங்காததால் கணவர் வேலைக்குப் போகாமல் நின்று, அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தொண்டையில் கிருமி என்றார்கள். இரத்தம் எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். மகள் தகப்பனின் தோளில் நித்திரையாகிவிட்டாள். நீ போய்ப் பால் கிடைக்குமா என்று பார் என்று அவர் என்னை வெளியே அனுப்பினார்.

வைத்தியசாலை வாசலுக்கு எதிரே சிறிய கடைகள் வரிசையாக இருந்தன. பழக்கடை, பூக்கடை, பிறகு ஒரு துணிக்கடை. அந்தக் கடைக்குள் மடித்து அடுக்கியிருந்த பட்டுகள் வெளியிலிருந்தே பளபளத்தன. பாலை மறந்து உள்ளே போனேன். நான் நிறம் பார்த்துத்தான் எடுத்தேன். வெள்ளை இருந்தது, கறுப்பு இருந்தது, கடும் நீலமும் இருந்தது. அவற்றை நான் தொடவே இல்லை. மஞ்சள் பட்டில், சிவப்புக் கரை வைத்த ஒரு மெல்லிய போர்வையைச் சுட்டிக் காட்டினேன். அதில் தாமரைப் பூக்கள், இரண்டு நாரைகள், நடுவே வட்டமாக ஒரு சீன எழுத்து, எல்லாம் நூல் வேலை. மஞ்சள், சிவப்பு, தாமரை. எங்கள் கண்ணுக்கு இதைவிட மங்களமான ஒன்று இருக்க முடியாது. கொஞ்சம் ஒடுக்கமாக இருந்தது. மாமி மெலிந்தவர், அவருக்குப் போதும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர். என்னைப் பார்த்தார், பிறகு வைத்தியசாலைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன், அங்கிருந்துதானே வந்தேன். பிறகு கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினார். யாருக்கு என்று கேட்கிறார் என்று விளங்கியது. நான் என் தலைமயிரைத் தொட்டு, அங்கிருந்த வெள்ளைத் துணியைக் காட்டி, முதுகை வளைத்து நின்றேன். வயதான பெண். அவருடைய முகம் மாறியது. இரண்டு கைகளாலும் போர்வையை எடுத்து, மெதுவாக மடித்து, தாளில் சுற்றினார். பேரம் பேச வாய் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பேச முடியவில்லை. அவர் சொன்ன விலையும் அதிகமில்லை. மற்றக் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். இவர் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து நின்றார்.

அன்று விடுதி அறையில் சூடு போதவில்லை. அந்தப் போர்வையை எடுத்து மகளுக்குப் போர்த்திவிட்டேன். மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது.

ரொறன்ரோவுக்கு வந்ததும் மாமி போர்வையை மடியில் விரித்து வைத்துப் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கடைக்காரர் தலை குனிந்து நின்றதை நான் சொன்னேன். மாமியாருக்கென்று தெரிந்ததும் பேரம் கூடப் பேச விடவில்லை, சீனர்கள் முதியவர்களுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்றேன். மாமி அந்தக் கதையை வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். மச்சாள்தான், அதாவது கணவரின் தங்கை, சும்மா இருக்க மாட்டாள்.

"அண்ணி, உது சைனாச் சாமான்தானே. ரெண்டு தரம் தோய்க்க நிறம் போயிடும்."

"போனாப் போகட்டும்," என்றார் மாமி. "நீ என்ன கொண்டு வந்தனீ? ஃபுளோரிடாவுக்குப் போட்டு வந்து எனக்கு ஒரு தொப்பி தந்தனீ. நான் எங்கை அதைப் போட்டுக்கொண்டு போறது, கோயிலுக்கோ?"

அதற்கடுத்த வருடம் மாமிக்கு இதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள். நகரத்தின் நடுவே இருக்கும் ஒரு பெரிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து, முன்னதாகவே கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் பிள்ளையைப் பராமரிப்பவரிடம் விட்டுவிட்டு, பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் ஏறி, மத்தியானச் சாப்பாட்டோடு போவேன். உப்பில்லாத ரசமும் குழைசாதமும். முதல் நாளே மாமி சொன்னார்:

"இஞ்சத்தைப் போர்வை பேப்பர் மாதிரிக் கிடக்கு பிள்ளை. என்ரை மஞ்சள் போர்வையைக் கொண்டு வாறியே?"

கொண்டுபோனேன். தாதிமார் அழகாயிருக்கிறது என்றார்கள். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் என்னைக் காட்டி "சைனா, சைனா" என்று பெருமையோடு சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன மூதாட்டி இருந்தார். முதல் நாள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாமி அவருக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தார், அவர் ஒரு பிஸ்கட் கொடுத்தார். நான் போர்வையைக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் நடுவிலிருந்த திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டார். தாதி திறந்தால் மறுபடியும் மூடச் சொன்னார். அவருடைய மகளும் தினமும் வருவார். நாற்பது வயதிருக்கும், வங்கியில் வேலை என்று தாதியிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது. உள்ளே வரும்போது மாமியின் கட்டிலைப் பார்ப்பார், உடனே கண்ணை எடுத்துவிடுவார்.

சத்திரசிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, மின்தூக்கிக்குக் காத்து நின்றபோது அந்த மகள் என் அருகே வந்தார். உங்கள் மாமியாரின் நிலைமை மோசமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, நன்றாக வருவார் என்று வைத்தியர் சொல்கிறார் என்றேன். அந்தப் போர்வையை அவரே கேட்டு வாங்கினாரா என்று கேட்டார். இல்லை, ஷங்காயிலிருந்து நான் கொண்டுவந்தது என்றேன். எந்த இடத்தில் வாங்கினீர்கள் என்றார். வைத்தியசாலை வாசலில் என்றேன். அவர் என் கையைத் தொட்டுவிட்டுச் சொன்னார்:

"மன்னியுங்கள். அது இறந்தவர்களுக்குப் போர்த்துவது."

மின்தூக்கி வந்து திறந்து மூடிக்கொண்டது. நாங்கள் ஏறவில்லை. அவர் மெதுவாக விளக்கினார். அங்கெல்லாம் பெரிய வைத்தியசாலைகளின் வாசலில் அப்படியான கடைகள் இருக்கும். இறந்தவருக்கு உடுப்பு, தலையணை, தாமரை தைத்த சப்பாத்து, போர்வை எல்லாம் அங்கே வாங்குவார்கள். நடுவில் இருக்கும் எழுத்துக்கு நீண்ட ஆயுள் என்று பொருள். சில முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இவற்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள், அதனால் ஆயுள் கூடும் என்று நம்பிக்கை. ஆகவே உங்கள் வழக்கமும் அப்படியோ என்று முதலில் நினைத்தேன் என்றார். ஆனால் யாரும் அதைப் போர்த்துக்கொண்டு படுக்க மாட்டார்கள். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, அம்மாதான் பயப்படுகிறார், சாப்பிடவும் மறுக்கிறார் என்று சொல்லி மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

நான் முதுகை வளைத்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அந்தக் கடைக்காரர் மாமியாருக்கு மரியாதை செய்யவில்லை. எனக்குத் துக்கம் விசாரித்திருக்கிறார்.

கடைகளைப் பற்றி விளக்கிய மார்க்கத்துச் சீனப் பெண் ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவர்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஒருவர் எங்கே சேலை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால், பாடை கட்டுகிற இடத்தில் வாங்காதீர்கள் என்று நான் சொல்வேனா? எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் போர்வையைத் தோய்த்துக் கொண்டு வருகிறேன் என்று எடுக்கப் பார்த்தேன். மாமி விடவில்லை. எனக்கு இதற்குள் கிடந்தால்தான் நித்திரை வருகிறது, ஒப்பறேசன் முடியத் தோய் என்றார். வைத்தியர் அவரை மனம் கலங்க விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். என்ன காரணம் சொல்லிப் பறிப்பது? கடைசியில் போர்வையை மறுபக்கம் திருப்பி, பூவேலை உட்பக்கம் போகும்படி விரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்காவது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். மாமி குனிந்து பார்த்தார்.

"பூ ஏன் கீழை கிடக்கு? திருப்பிப் போடு பிள்ளை."

திருப்பிப் போட்டேன். அன்று பின்னேரமே அந்த மூதாட்டியை வேறு அறைக்கு மாற்றினார்கள். மகள் கேட்டு மாற்றியிருக்க வேண்டும். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது மாமி கையை அசைத்தார். அவர் மறுபக்கம் பார்த்தபடி போனார். மாமியின் முகம் சிறுத்துவிட்டது.

"பாத்தியே, அந்த மனிசிக்கு என்னைப் பிடிக்கேல்லை. நான் திருநீறு பூசுறதோ, நீ கொண்டு வாற ரசத்தின்ரை மணமோ தெரியாது. ஒரு பழம் குடுத்தனான், பிழையே?"

பிழையில்லை மாமி, அவவுக்கு வேறை ஏதோ வருத்தமாம் என்று சொன்னேன். மாமி நம்பவில்லை. இனி ரசம் கொண்டு வராதே என்றார். அன்று முழுக்க அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

சத்திரசிகிச்சை நாள் காலையில் மாமியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, தாதி போர்வையை மடித்து என் கையில் கொடுத்தார். காத்திருக்கும் அறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்துக் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. அதில் வைக்கவும் மனம் வரவில்லை, மடியில் வைத்திருக்கவும் முடியவில்லை. அங்கேதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "துணி துணிதான். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை," என்றார். அதற்குப் பிறகு வைத்தியர் வெளியே வரும்வரை அவர் அந்தப் போர்வையைப் பார்க்கவில்லை. வைத்தியர் வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னார். நான் போர்வையைக் கட்டிப் பிடித்தபடி எழுந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மாமி வீட்டுக்கு வந்து மெல்ல மெல்ல நடமாடத் தொடங்கினார். தன்னைக் காப்பாற்றியது வைரவரும் மருமகள் கொண்டுவந்த போர்வையும்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். நான் அந்த இடத்தை விட்டு எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். ஒருநாள் மகள் அந்தப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கூடாரம் என்று விளையாடினாள். துணி துணிதான் என்று சொன்ன மனிதர் விரைந்து போய், அதை அவளிடமிருந்து எடுத்து மடித்து, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். மாமி அதைத் தேடி எடுத்துத் தன் கட்டிலில் மறுபடியும் விரித்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மச்சாள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கி, தங்காமல் போனது. இம்முறை ஏழாம் மாதம். பிறந்து முப்பத்தோராம் நாள், தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவன்று, பிள்ளையைத் தன் மஞ்சள் போர்வையில்தான் கிடத்த வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். என்னை எழுப்பினது, என்ரை பேரப்பிள்ளையையும் பாக்கும் என்கிறார். சென்ற வாரம் மச்சாள் வந்தாள். படியேறிய களைப்போடு என் பக்கத்தில் இருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அண்ணி, நான் முந்தி அந்தப் போர்வையைப் பற்றிச் சொன்னதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ. அம்மா தாறன் எண்டவ. எனக்கும் அது வேணும்."

ஓம் என்றேன். அவள் எதற்கும் கும்பிடாதவள். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாள்.

மார்க்கத்துச் சீனப் பெண்ணிடம் போய், யாரோ ஒருவருடைய கதை போலக் கேட்டுப் பார்த்தேன். முதியவர்களிடம் அது இருந்தால் தவறில்லை, தன் அப்பாவும் வாங்கி வைத்திருக்கிறார் என்றார். குழந்தைக்கு என்று நான் கேட்டதும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். யாராவது குழந்தைக்குப் போர்த்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்து அறையில் என் மகள் அவருடைய மகனோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் ஓடியாடித் திரிகிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்குத் தும்மலும் தடிமனும் வந்தாலும் எனக்கு அந்த விடுதி அறை நினைவுக்கு வருகிறது.

போர்வை தோய்க்கும்போது கிழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் மாமியின் நெஞ்சு பலவீனமானது. தன் காவல் போய்விட்டது என்று அவர் எண்ணத் தொடங்கினால்? மச்சாள் அதைச் சகுனம் என்று எடுத்துக்கொண்டால்? உண்மையைச் சொன்னால் மச்சாள் இந்த இரண்டு மாதமும் எப்படி நித்திரை கொள்வாள்? ஒன்றும் சொல்லாமல் விட்டு, பிள்ளையைக் கிடத்திய பிறகு ஏதாவது நடந்துவிட்டால், சின்னக் காய்ச்சல் வந்தாலும், நான் எப்படி அவர்களுடைய முகத்தைப் பார்ப்பேன்? சீனர்களின் வழக்கம் எங்களைப் பிடிக்குமா என்று கணவர் கேட்கிறார். பிடிக்காது என்றால் எங்கள் வழக்கப்படி அது மஞ்சளும் தாமரையும்தான். அப்படியே நினைத்துக்கொள்ளலாம் என்று பகலில் தோன்றுகிறது. மாமி அதை மடிக்கும்போது அந்தக் கடைக்காரரின் குனிந்த தலை தெரிகிறது.

இதை வாசிப்பவர்களில் மாமியாரோடு வாழ்பவர்கள் இருப்பீர்கள், பிள்ளையை இழந்து பிறகு பெற்றவர்களும் இருப்பீர்கள். மச்சாளின் இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று விரும்புவீர்களா, அல்லது தெரியாமலே இருப்பது நல்லது என்பீர்களா? தை மாதம் பிள்ளை பிறக்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு, இந்தப் பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதி, நான் என்ன செய்ய வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.